டிராக் பாடிய குரல்

பாட்டு வெளியாகும் காலையில் வீடே பரபரத்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். தம்பி செல்போனை ஸ்பீக்கரோடு இணைத்தான். வாலு என்று எல்லோரும் கூப்பிடும் கடைக்குட்டி சோபாவின் கைப்பிடியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். அப்பா மட்டும் ஜன்னலோரம் நின்று, தெருவில் ஏதோ அதிசயம் நடப்பதுபோல வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவள் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சமையலறையில் அவள் பாட, தம்பி கீபோர்டு வாசிக்க, வாலு பிளாஸ்டிக் வாளியில் தாளம் தட்டி எடுத்த வீடியோக்களைப் பார்த்துத்தான் ரெக்கார்டிங் கம்பெனி அவர்களைக் கூப்பிட்டது. இந்த ஒரு பாட்டை, தொண்டை கட்டும்வரை திரும்பத் திரும்பப் பாடிக் கொடுத்திருந்தாள்.

கீபோர்டு ஒலித்தது. டிரம்ஸ் சேர்ந்தது. பிறகு குரல் வந்தது.

அது அவள் குரல் இல்லை.

ஸ்பீக்கரில்தான் ஏதோ கோளாறு என்று முதலில் நினைத்தாள். அடுத்த வரியில் 'ழ' லேசாக வழுக்கியது. அந்த வழுக்கல் யாருடையது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வாலு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது! ரெக்கார்டிங் அன்னைக்கு நீ வர லேட்டாச்சே, அண்ணன் கேட்டு வாசிக்கிறதுக்காகச் சும்மா டிராக் பாடச் சொன்னாங்க. அப்புறம் அழிச்சிடுவோம்னாங்க!"

பெரியவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். அப்பா இன்னும் திரும்பவில்லை.

"அப்பா, உங்களுக்குத் தெரியுமா?"

"போன வாரம் போன் பண்ணாங்க. சின்னவ குரல்தான் வேணுமாம். இல்லேன்னா பாட்டே வேணாமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

"என்கிட்டகூடச் சொல்லலையே!" என்று அம்மா கத்தினாள். பெரியவள் நினைத்துப் பார்த்தாள். ஒரு வாரமாக அப்பா அவளுக்குச் சோறு பரிமாறியிருக்கிறார், பாட்டு வர்ற அன்னைக்கு என்ன டிரஸ் போடப்போறே என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குறை கண்டுபிடிக்கவே பாட்டை மறுபடி கேட்டாள். குறை கிடைக்கவில்லை. தான் முக்கி முனகி ஏறிய இடத்தில் வாலு விளையாட்டாக ஏறி இறங்கியிருந்தாள். அப்போதுதான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

கதவுக்கு வெளியே வாலு மூக்கை உறிஞ்சினாள். "நான் இனிமே பாடவே மாட்டேன்க்கா. எனக்கு வாளியே போதும்."

"போடி லூசு. நல்லா பாடியிருக்க. அதுதான் எனக்குத் தாங்கல."

அடுத்த பாட்டுக்குக் கம்பெனி கூப்பிட்டபோது, அப்பா போனை எடுப்பதற்குள் அவளே எடுத்துவிட்டாள்.

"என் குரல் வேணாம்னா என்கிட்ட சொல்லுங்க. அப்பாகிட்ட இல்ல."

எதிர்முனையில் இருந்த இசையமைப்பாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார், "வாலு குரலுக்குக் கீழே, தாழ்ந்த சுருதியில இன்னொரு குரல் சேர்ந்து போகணும்மா. நீங்க பாடிப் பாக்கறீங்களா?"

தங்கைக்குக் கீழே! சுருக்கென்றது. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். இரண்டு நாள் யாருடனும் சரியாகப் பேசவில்லை. கடைசியில் போனாள்.

ஸ்டூடியோவில் கீழ்க்குரல் பிடிபடாமல் தடுமாறினாள். வாலு ஹெட்போனைக் கழற்றிவிட்டு, அவசரமே இல்லாதவள்போலக் காத்திருந்தாள். பிறகு இரண்டு குரலும் ஒரே மூச்சில் போயின. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

வெளியே அப்பா அவளுக்காகக் காரின் முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அவள் பின்கதவைத் திறந்து, வாலுவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.