நாற்பத்தோராவது கதவு

பத்து மணிக்குச் சங்கு ஊதியது. அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த அமீரகக் கடற்கரைக் குடியிருப்பில் ஒத்திகை ஆரம்பம். கதிர்வீச்சு கசிந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, கதவு ஜன்னலைச் சாத்தி, ஏசியை நிறுத்தி, அரை மணி நேரம் எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும். ஒரு வீடு தவறினாலும் திட்டம் தோற்றது என்று அர்த்தம்.

ஒத்திகையை நடத்துகிறவள் அரசின் அணுசக்திக் கண்காணிப்பு அதிகாரி மோஸா. திட்டம் அவள் தீட்டியது, இரண்டு வருஷ உழைப்பு. தோற்றால் வேறு யார் கைக்காவது போய்விடும். ஆகஸ்ட் வெயில் மண்டையைப் பிளக்க, பட்டியலும் பேனாவுமாகத் தெருத்தெருவாக நடந்தாள். நாற்பது வீடுகள் கச்சிதம். அட, நம் ஜனமா இது என்று அவளுக்கே ஆச்சரியம்.

கடைசி வீடு ஒட்டகம் வளர்க்கும் ஹம்தானுடையது. வீடெல்லாம் சாத்தியிருந்தது. ஆனால் மஜ்லிஸ், அதுதான் சாலையைப் பார்த்த விருந்தினர் கூடம், ஆவென்று திறந்து கிடந்தது. கதவு மூடாதபடி கல் வேறு முட்டுக்கொடுத்திருந்தது. மறதி என்றால் கல் எதற்கு? வீம்பா? கோபம் வந்ததுதான், ஆனாலும் என்னவென்று தெரிந்துகொள்ளும் ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. எட்டிப் பார்த்தாள்.

உள்ளே பதினான்கு பேர். சாலை போடுகிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள், தக்காளி லாரி ஓட்டி ஒருவன். காப்பிக் கிண்ணம் கை மாறிக்கொண்டிருந்தது. மணல்புயல் அடித்தால் இவர்கள் ஓடிவரும் இடம் இதுதானாம்; சங்கு கேட்டதும் பழக்கதோஷத்தில் கால் இங்கேயே வந்துவிட்டது. சாலையில் கடைசி ஆள் வரும்வரை அந்தக் கதவைச் சாத்துவது ஹம்தான் குடும்பத்தில் வழக்கமே இல்லை.

"நோட்டீஸ் படிக்கலையா நீ?" என்று ஹம்தானைக் கேட்டாள்.

"படிச்சேன் ஸைஃபம்மா," என்றான், மகன் பெயரைச் சொல்லி அம்மா என்று அழைக்கும் ஊர் மரியாதையோடு. "அவங்கவங்க வீட்டுக்குள்ள இருங்கன்னு போட்டிருந்துச்சு. இவங்க எந்த வீடு? உங்க பட்டியல்ல காட்டுங்க, இப்பவே சாத்திடறேன்."

இல்லை என்று தெரிந்தும் மோஸா தாள்களைப் புரட்டினாள். ஒட்டகங்களுக்குக்கூடத் தனிப் பக்கம் ஒதுக்கியிருந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

தூரத்தில் இன்னும் இரண்டு பேர் ஓடிவந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வந்து சேரும்வரை வாசலை விட்டு விலகி நின்றாள். பிறகு உள்ளே உட்கார்ந்து, பதினாறு பேரிடமும் பெயர் கேட்டு எழுதிக்கொண்டாள். முடிவு என்ற இடத்தில் 'தோல்வி' என்று போட்டாள். தவறியவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டாள்.