சாம்பல் தேய்த்த சூரியத் தகடு

மானிப்பாய் ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்துவிட்டுத் திரும்பிய சீவரத்தினம், வீட்டுக்குள் போகாமல் நேரே தோட்டத்துக்குப் போனார். பூக்கத் தொடங்கிய மிளகாய்க் கன்றுகள் வாடித் தலைகவிழ்ந்து நின்றன. உச்சி வெயிலிலும் சோலர் பம்பிலிருந்து நூல்போலத்தான் தண்ணீர் வந்தது. இப்படியே போனால் கன்று தப்பாது.

பம்புக்கு மின்சாரம் தரும் சூரியத் தகட்டில், பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிப் பிள்ளை ஆரணி ஒரு நானோப் பூச்சுப் பூசிவிட்டிருந்தாள். தலைமயிரைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய பூச்சு. தூசி ஒட்டாது, ஒட்டினாலும் மழையே கழுவிவிடும் என்றாள். அவர் படுக்கையில் விழும்வரை நன்றாகத்தான் இருந்தது.

தகட்டின் கீழே குனிந்து பார்த்தார். கொஞ்சம் சாம்பல். பக்கத்தில் ஒரு பிடி தேங்காய்த் தும்பு.

சூனியம்! செய்தவன் யாரென்று யோசிக்கவே தேவையில்லை. எல்லை வேலிச் சண்டைக்குப் பிறகு முகம் கொடுத்துக் கதைக்காத பக்கத்துத் தோட்டத்துத் தில்லைநாதனைத் தவிர வேறு யார்?

மறுநாள் விடியற்காலை வாழைகளுக்குப் பின்னால் மறைந்து நின்றார். வேலியில் ஆள் நுழையுமளவு பிரிந்திருந்த பொட்டுக்குள்ளால் தில்லைநாதன் வந்தார், கையில் தேங்காய்ச் சிரட்டையோடு.

"பிடிச்சன் கள்ளனை! என்ன மந்திரிச்சுக் கொண்டு வந்தனி?"

"மந்திரமோ? அடுப்புச் சாம்பல், அண்ணை. காய்ச்சல் மண்டைக்கும் ஏறிட்டுதோ? நீங்கள் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை காகம் உதிலை எச்சம் போட்டு நாறடிச்சுப் போட்டுது. சூரிய பகவானைப் பாத்துக்கொண்டு இருக்கிற சாமான். கோயில் விளக்கு மினுக்கிறமாதிரி நாள்தோறும் மினுக்கிறன்."

"என்னட்டைக் கேட்டிருக்கலாமே?"

"கதைக்காத மனிசனிட்டை என்னெண்டு கேக்கிறது?"

சரிந்து விழுந்த வெயிலில் தகடு மங்கி, எங்கும் மெல்லிய கீறல்கள் தெரிந்தன. சீவரத்தினம் அங்கேயே நின்று ஆரணிக்குப் போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

"சாம்பல் பூச்சை உரிச்சுப்போட்டுது, ஐயா. வெள்ளிக்கிழமை வந்து திரும்பப் பூசிப் பாக்கிறன். ஆர் தேய்ச்சது? வேண்டாத ஆக்கள் ஆரும்...?"

தில்லைநாதன் சிரட்டையைப் பார்த்தபடி நின்றார்.

"எங்கடை ஆள்தான், பிள்ளை," என்றார் சீவரத்தினம். "நல்ல மனசோடை செய்தது."

போனை வைத்துத் திரும்பினால் தில்லைநாதனைக் காணவில்லை. ஒரு சொல்கூடச் சொல்லாமல் போய்விட்டாரே என்று பழைய சந்தேகம் மறுபடி தலைதூக்கியது. வெள்ளிக்கிழமை வரைக்கும் கன்றுகளை எப்படிக் காப்பாற்றுவது?

வேலிக்கு அப்பால் தில்லைநாதனின் மண்ணெண்ணெய்ப் பம்பு இருமி இருமி ஓடத் தொடங்கியது. பொட்டுக்குள்ளால் ஒரு குழாயின் தலை நீண்டது.

"இழுங்கோ, அண்ணை! மந்திரிச்ச தண்ணிதான்!"