இருநூற்றுப் பதினெட்டு கிராம் தண்ணீர்

ஜனவரி 16, வியாழன். ஒரு சின்னத் தவறு. தெர்மாமீட்டரைக் கொட்டகைச் சுவரில் என் தலை உயரத்துக்கு மாட்டியிருந்தேன். அது இரண்டு டிகிரி காட்டிக்கொண்டே இருந்தது. தண்ணீர் வாளி இருப்பதோ சிமெண்ட் தரையில். இன்று காலை வாளியின் மேல் நகக் கனத்துக்கு ஐஸ். குழாய்க்குள் உறையவில்லை, அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. தெர்மாமீட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டேன்.

எழுதிவிட்டு பொரோக்கா அதை இரண்டு முறை படித்தாள். 'சின்ன' என்ற சொல் சரிதானா என்று சந்தேகம் வந்தது. அடிக்கலாமா என்று யோசித்து, விட்டுவிட்டாள்.

அவளுக்கு இருபத்து மூன்று வயது. பகலில் பால் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் கொழுப்பு அளப்பாள். வாரத்தில் மூன்று மாலை சீக்செரெதா நகரத்துக்கு பஸ் ஏறிப்போய் மின்பணி படிப்பாள். எதையும் இரண்டாம் தடவை அளந்து பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. இரண்டு வருடச் சேமிப்பைப் போட்டு வாங்கிய லேசர் வெட்டும் எந்திரம் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் இருந்தது. எண்பது கிலோ. அதன் உயிர், கை நீளத்துக்கும் மேலான ஒரு கண்ணாடிக்குழாய். வேலை செய்யும்போது குழாய் சூடாகும். அதைக் குளிர்விக்க வாளியிலிருந்து பம்ப் தண்ணீரை ஓட்டிக்கொண்டே இருக்கும். குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் உறைந்தால் விரியும். கண்ணாடி விரியாது. புதுக் குழாய் வந்து சேர ஐந்து வாரம்.

ஞாயிற்றுக்கிழமை சிறுவர் ஐஸ் ஹாக்கிப் போட்டி. எழுபத்திரண்டு பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயர் வெட்டிய பீச் மரப் பதக்கம் என்று கமிட்டியில் பொரோக்கா எழுந்து சொன்னபோது அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. ஐஸ் திடலைக் கவனித்துக்கொள்ளும் காஷ்பாருக்குக் கேட்டுவிட்டது.

"மரப் பதக்கமா? தோத்தவன் அடுப்புல போட்டுக்கவா?"

"போன வருஷம் நீங்க வாங்கின பிளாஸ்டிக் பதக்கத்துல ஃபுட்பால்காரன் படம் இருந்துச்சு, மாமா," என்றான் அவள் அண்ணன் லெவென்தே. கமிட்டி முழுக்கச் சிரித்தது. காஷ்பார் சிரிக்கவில்லை. "சரி, செய்யட்டும். ஞாயித்துக்கிழமை பிள்ளைங்க கழுத்துல ஒண்ணும் இல்லைன்னா, மைக்ல வந்து அவளே சொல்லட்டும்."

வெள்ளிக்கிழமை மதியம் வரை முப்பத்தொரு பதக்கம் முடிந்திருந்தது. அன்றிரவு மைனஸ் இருபத்தெட்டு என்று வானொலி சொன்னது. ஊரே கையைத் தேய்த்துக்கொண்டு மகிழ்ந்தது. இரண்டு வாரமாகத் திடலில் ஐஸ் இறுகாமல் சேறாகக் கிடந்தது. இந்த ஒரு இரவுக்காகத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள். பனி கொட்ட வேண்டும், தண்ணீர் கல்லாக வேண்டும் என்று ஊர் வேண்டிக்கொண்டிருக்க, ஆறு லிட்டர் தண்ணீர் கல்லாகக் கூடாது என்று வேண்டிய ஆள் அவள் ஒருத்திதான்.

யோசனை சொல்லாதவர் இல்லை. ஹீட்டரைப் போட்டுவிடு என்றார்கள். கடுங்குளிர் வந்தால் அவர்கள் தெருவில் மின்சாரம் இரண்டு தடவையாவது போகும். விறகு அடுப்பை விடியவிடிய எரியவிட அம்மா சம்மதிக்கவில்லை. மரத்தூள் நிறைந்த கொட்டகை. கார் கூலன்டை ஊற்று என்றான் அண்ணன். வகுப்பில் கொடுத்த மீட்டரை அதில் நனைத்துப் பார்த்தாள். மின்சாரம் தாராளமாகப் பாய்ந்தது. குழாயில் போகவேண்டிய உயர் அழுத்த மின்சாரம் தண்ணீர் வழியாகக் கசிந்துவிடும். காஷ்பார் வேலிக்கு மேலே ஒரு புட்டியை நீட்டினார்.

"என் பிளம் பாலிங்கா. ரெண்டு தடவை வடிச்சது. மைனஸ் முப்பதுலயும் உறையாது."

"மாமா, பக்கத்துலயே பொறி பறக்கும். சாராய ஆவி பத்திக்கும்."

"என் பாலிங்காவை வேணாம்னு சொன்ன முதல் ஆள் நீதான். எந்திரத்துக்கு வேணாம்னா நீயாவது குடி." அவளும் குடிக்கவில்லை. அவர் முகம் சுருங்கியது.

ஆக ஒரே வழி: குழாயைக் காலி செய்வது. கார் பேட்டரிக்கு ஊற்றுகிற அந்தக் காய்ச்சி வடித்த தண்ணீரை எடை போட்டுத்தான் அவள் நிரப்பியிருந்தாள். ஆறாயிரத்து நானூறு கிராம். வெள்ளி மாலை நாலரைக்கு ரப்பர் குழாய்கள் இரண்டையும் கழற்றி எல்லாவற்றையும் வாளியில் வடித்து, சோதனைக்கூடத்திலிருந்து கேட்டு வாங்கிவந்த தராசில் வைத்தாள். ஆறாயிரத்து நூற்று எண்பத்திரண்டு.

மறுபடி வைத்தாள். அதே எண்.

இருநூற்றுப் பதினெட்டு கிராமைக் காணோம். தரையில் ஈரமில்லை. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். கண்ணாடிக்குள் அடிப்பக்கம் நெடுக ஒரு மெல்லிய கோடு, ஆடாமல், பளபளவென்று படுத்திருந்தது.

குழாயைக் கழற்றி எடுத்தால் லேசர் ஒளியைத் திருப்பும் கண்ணாடிகளை மறுபடி நேராக்க ஒரு நாள் போய்விடும். எந்திரத்தையே ஒரு பக்கம் தூக்கிச் சாய்க்க வேண்டும். எண்பது கிலோவை அவளும் அம்மாவும் சாய்த்தால் எந்திரத்தோடு சேர்த்து மூவருமே விழவேண்டியதுதான். முழங்கால் உயரத்துத் தெர்மாமீட்டர் மைனஸ் மூன்று என்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மைனஸ் நான்கு.

அவள் திடலுக்கு ஓடினாள்.

விளக்குகளின் கீழே ஆறு ஆண்கள் தீயணைப்புக் குழாயைப் பிடித்து ஐஸ்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்துப் பெஞ்சில் கொழுப்பு தடவிய ரொட்டியும் வெங்காயமும் இருந்தன.

"யாரது? மேல நடக்காதே, இப்பதான் ஊத்தியிருக்கு!" காஷ்பார் கத்தினார்.

"எனக்கு நாலு பேர் வேணும். இப்பவே. எந்திரத்தைச் சாய்க்கணும்."

"முடிச்சுட்டு வர்றோம்டி. ஒரு மணி நேரம்," என்றான் லெவென்தே.

"ஒரு மணி நேரம் தாங்காதுண்ணா. இருநூத்திப் பதினெட்டு கிராம் தண்ணி உள்ள மாட்டிக்கிச்சு."

ஆறு பேரும் சிரித்தார்கள்.

"ஒரு கிளாஸ் ஒயின் அளவு!" என்றார் காஷ்பார். "அதுக்கு நாலு ஆளா? இந்தக் குழாய் சும்மா நின்னா அஞ்சு நிமிஷத்துல உறைஞ்சிடும், தெரியுமில்ல?"

அவளுக்குக் காது சிவந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று கால் சொன்னது. எண்ணில் தவறிருக்குமோ என்று மனம் ஒரு தடவை தடுமாறியது. இல்லை, இரண்டு தடவை நிறுத்தாயிற்று.

"மாமா, போன வருஷம் உங்க குழாய் வெடிச்சுதே. எவ்வளவு தண்ணி நின்னுச்சு உள்ள?"

ஒரே ஒரு மடிப்பில் நின்ற தண்ணீர். அதைச் சரியாக வடிக்காதவர் யார் என்று ஊருக்கே தெரியும்.

"ஒரு கிளாஸ்கூட இல்ல," என்றார் யாரோ இருட்டுப் பக்கத்திலிருந்து.

"பம்பை நிறுத்துங்கடா," என்றார் காஷ்பார். "தோள்ல ஏத்து."

ஆறு பேரும் வரிசையாகக் குழாயைத் தோளில் ஏற்றி, பம்பிலிருந்து வாய்வரை ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். தண்ணீர் அவர்களுக்கு முன்னால் ஓடி மறுமுனையில் கொட்டியது. திரும்பி இன்னொரு தடவை நடந்தார்கள். குழாயைச் சுருட்டிவிட்டு அத்தனை பேரும் பூட்ஸோடு கொட்டகைக்குள் நுழைந்தார்கள்.

"கல்யாணப் பொண்ணைத் தூக்கற மாதிரித் தூக்குங்க," என்றான் லெவென்தே.

"கல்யாணப் பொண்ணு இந்தக் கனம் இருந்திருந்தா நான் அன்னிக்கே ஓடியிருப்பேன்," என்றான் பெனெடெக், ஊர் பேண்டில் ட்யூபா என்கிற பெரிய ஊதுகுழல் வாசிப்பவன்.

"இடது பக்கம் மட்டும். மெதுவா. இன்னும். நிறுத்துங்க!" என்றாள் பொரோக்கா. அவள் குரல் அவளுக்கே நன்றாகக் கேட்டது. ரப்பர் முனையிலிருந்து தண்ணீர் கிண்ணத்தில் சொட்டி, பிறகு ஒழுகியது. நின்றதும் தராசில் வைத்தாள்.

"நூத்தித் தொண்ணூத்தாறு."

"அப்போ இன்னும்?" என்றார் காஷ்பார்.

"இருபத்திரண்டு."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு கிராம் என்பது அந்தக் கொட்டகையில் இருந்த எல்லோருடைய கவலையாகவும் ஆகிவிட்டிருந்தது.

"என் கம்ப்ரஸரைக் கொண்டு வரவா?"

"கண்ணாடி தாங்காது மாமா. வாயால, நிதானமா, நீளமா ஊதணும்."

எல்லோரும் பெனெடெக்கைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மீசையைத் துடைத்துக்கொண்டு ரப்பர் முனையை வாயில் வைத்தான். அவன் ஊதியது ஒரு முழு அணிவகுப்புக்குப் போதும். மறுமுனை கொரகொரவென்று சத்தமிட்டு, துப்பி, கடைசியில் வெறும் காற்றாயிற்று.

"பதினேழு," என்றாள் பொரோக்கா.

"அதுல பாதி அவன் எச்சி," என்றான் லெவென்தே.

மிச்சம் ஐந்து கிராம். சுவரில் ஒட்டிய ஈரம். அது எதையும் உடைக்காது. அவள் அதையும் குறித்துக்கொண்டாள். ஆண்கள் திடலுக்குத் திரும்பினார்கள்.

சனி காலை ஆறரைக்குக் கொட்டகையில் மைனஸ் பத்தொன்பது. இரவில் மின்சாரம் மூன்று தடவை போயிருந்தது. பக்கத்து வீட்டுக் குளியலறைக் குழாய் வெடித்துவிட்டது என்று அம்மா செய்தி கொண்டுவந்தாள். பொரோக்கா டார்ச்சோடு கண்ணாடியை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை விரல் விரலாகப் பார்த்தாள். கீறல் இல்லை. அதை நம்பாமல் மறுமுனையிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தாள். அடுப்பை மூட்டினாள்.

எட்டு மணிக்கு காஷ்பார் வந்தார். திடல் கல்லாக இறுகிவிட்டதாம். அதைச் சொல்ல வந்தவர்போல நின்றார்.

"என்ன, தண்ணியை ஊத்திட வேண்டியதுதானே?"

"குழாய் எட்டு டிகிரிக்கு வரட்டும். குளிர்ந்த கண்ணாடில இப்பவே ஊத்தினா அதுவே உடைச்சிடும்."

அவர் ஒரு மணி நேரத்துக்கும் மேல் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். குழாய் எட்டு டிகிரிக்கு வந்தது. சமையலறையில் வைத்திருந்த தண்ணீரை ஊற்றினாள். பம்ப் முனகியது. கடைசிக் குமிழி வெளியேறும்வரை காத்திருந்தாள். அடியில் விரித்திருந்த செய்தித்தாளைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

பொத்தானை அமுக்கினாள். குழாய் நெடுக இளஞ்சிவப்பு வெளிச்சம் நடுங்காமல் நின்றது. பீச் பலகையில் புகை கிளம்பி, வட்டம் வெட்டுப்பட்டு, அதற்குள் ஒரு பெயர் விழுந்தது: ஹுனோர். காஷ்பாரின் பேரன்.

அவர் அதை விளக்குக்கு எதிரே பிடித்தார். திருப்பினார். முகர்ந்தும் பார்த்தார்.

"மோசமில்ல," என்றார்.

அந்த ஊரில் அதற்கு மேல் யாரும் யாரையும் பாராட்டியதில்லை. பொரோக்காவுக்கு அது தெரியும். அவர் போன பிறகு எந்திரத்தின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று, "என் கணக்கு சரி," என்று ஒரு தடவை உரக்கச் சொன்னாள். இரண்டாம் தடவை சொல்லத் தேவைப்படவில்லை.

ஜனவரி 18, சனி. 72 பதக்கம் முடிந்தது. இன்றிரவும் குழாய் காலி; லெவென்தே, பெனெடெக் உட்பட நாலு பேர் இந்தத் தடவை சொல்லாமலே சாய்க்க வந்தார்கள். மிச்ச ஈரம் இன்று 4 கிராம். நாளை: ஆறு மணிக்கு எழுந்து 41 பதக்கங்களின் விளிம்பைத் தேய்ப்பது, எல்லாவற்றுக்கும் நீல ரிப்பன் கோர்ப்பது, ஒன்பதுக்குள் திடலில் சேர்ப்பது.