பிளாஸ்திரியில் நான்கு பெயர்

அன்று விடியற்காலையில் அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: வார்டுப் பொறுப்பு சிஸ்டர் டோரதி, நர்ஸ் ஷரபுன்னிசா, நர்ஸ் லூர்துராணி, ஆயா ரோசம்மாள். முதல் கட்டிலில் கிடந்தவர் ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக்கரை வாழைத்தோப்பில் கூலி வேலை செய்தவர். கட்டுவிரியன் கடித்து, விஷத்தில் மூச்சு அடங்கும் நிலையில் கொண்டுவந்திருந்தார்கள். டாக்டர் யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தாங்களும் கூட இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் அதிகம்.

எண்பத்தாறாம் வருஷம், மே மாதம். திருச்சி தில்லைநகர்ப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நாலரை மணிக்குக் கரண்டு போனது. அவருக்கு மாட்டியிருந்த மூச்சு மெஷின் ஒரு தடவை விக்கிவிட்டு நின்றது. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. டோரதி மெஷின் குழாயைக் கழற்றிவிட்டு, கறுப்பு ரப்பர் பையை மாட்டி அமுக்க ஆரம்பித்தாள். அமுக்கு, விடு, இரண்டு, மூன்று. அமுக்கு. பத்து நிமிஷத்தில் கட்டைவிரல் மரத்துப்போகும். கால் மணியில் தோள் எரியும். ஆள் மாற்றித்தான் ஆகவேண்டும். யார் எப்போது பையைப் பிடித்தார்கள் என்று கட்டில் கம்பியில் ஒரு பிளாஸ்திரித் துண்டை ஒட்டி எழுதிவைப்பது அந்த வார்டின் வழக்கம். 4.32 டோரதி. 4.45 ஷரபுன்னிசா. 5.00 லூர்துராணி.

ஐந்தேகாலுக்கு நான்காவது கட்டிலில் வலிப்பு வந்தது. இளையவர்கள் இருவரும் அங்கே ஓடினார்கள். பையை வாங்கிய டோரதிக்கு முன்பு மரத்த கட்டைவிரல் இன்னும் மடங்கவில்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த ரோசம்மாளைக் கூப்பிட்டாள்.

"கையைக் கழுவிட்டு வாங்க ரோசம்மா. இதைப் பிடிங்க."

"ஐயோ சிஸ்டர், நான் வெளக்கமாறு பிடிக்கிறவ."

"மாவு பிசைஞ்ச கைதானே? நான் எண்ணுறேன், அமுக்குங்க."

5.20 ரோசம்மாள். டோரதிதான் எழுதினாள். அந்தக் கை சரியாகவே போனது. நெஞ்சு ஏறி இறங்கியது. ஐந்தே முக்காலுக்குக் குழாயில் சளி அடைத்தது. சளி உறிஞ்சும் மெஷினும் கரண்டில் ஓடுவதுதான். டோரதி சிரிஞ்சை வைத்து இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. ஆறு மணிக்கு அந்த மனிதர் போய்விட்டார். ஆறு பத்துக்கு ஃபேன் சுற்றத் தொடங்கியது.

பத்து மணிக்கு முதலாளி டாக்டர் தைரியராஜ் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் டைப் அடித்த காகிதம் ஒன்று தயாராக இருந்தது. ஆயா யாரையும் கேட்காமல் பையைத் தொட்டாள், அதனால் மரணம் என்று அதில் இருந்தது.

"படிச்சாச்சா? கீழே கையெழுத்து போடு."

"டீசல் இல்லைன்னு இதுல எழுதலையே டாக்டர்."

"ஆயா கையில உயிரைக் குடுத்தது நீ. போலீஸ் உன்னைத்தான் கேக்கும். நான் உன்னைக் காப்பாத்தப் பாக்கறேன்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "மெட்ராஸ் படிப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாளாமே? உன் சர்ட்டிபிகேட் எல்லாம் அந்தப் பீரோவிலதான் இருக்கு. அனுபவச் சான்றிதழும் நான்தான் தரணும்."

வேலைக்குச் சேரும் அன்றே அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டிக்கொள்வது அங்கே முறை. தீவிர சிகிச்சை நர்சிங் மேற்படிப்புக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் எடுப்பதில்லை. டோரதிக்கு அக்டோபரில் முப்பத்தைந்து முடிகிறது. பதினொரு வருஷமாகக் கை செய்துவந்ததன் காரணத்தைப் படித்துத் தெரிந்துகொள்ளும் ஆசை அவளுக்கு. இந்த வருஷம் விட்டால் இல்லை.

ஆனால் அவள் அற்புதசாமி வாத்தியாரின் மகள். அந்த வீட்டில் பொய்க்குக் கையெழுத்துப் போட்டவர் கிடையாது. வறட்டுக் கௌரவம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அந்த வீட்டுக்கு வேறு சொத்து இல்லை.

"யோசிச்சுச் சொல்றேன் டாக்டர்" என்று வெளியே வந்தாள். அப்படி ஒரு கணம் யோசித்ததே பிற்பாடு அவளை அறுத்தது.

உடை மாற்றும் அறையில் மற்ற மூவரிடமும் விஷயத்தைச் சொன்னாள். ரோசம்மாள் தலையைக் குனிந்துகொண்டே பேசினாள்.

"போட்டுடுங்க சிஸ்டர். எனக்கென்ன, நாலு வீட்டுல பாத்திரம் தேய்ச்சுப் பொழைச்சுக்குவேன். உங்களுக்கு வயசு திரும்பி வருமா?"

"உங்க கை தப்பு செய்யலை ரோசம்மா. குடுத்ததும் நான், எண்ணினதும் நான். அப்படியேதான் எழுதுவேன்."

"அப்ப உங்களையும் சேர்த்து உள்ளே வைப்பாங்களே!"

ஷரபுன்னிசா சட்டைப்பையிலிருந்து ஒரு கண்ணாடித் துண்டை எடுத்தாள். பிளாஸ்திரியைக் கம்பியிலிருந்து உரித்து அதில் ஒட்டிவைத்திருந்தாள். "கட்டிலைத் துடைக்கச் சொல்லி ஆபீஸ்லேருந்து ஆள் வந்துச்சு. அதுக்கு முந்தியே எடுத்துட்டேன். இதுல என் பேரும் இருக்கு சிஸ்டர். நீங்க மட்டும் தனியாப் பெரிய மனுஷி ஆயிட முடியாது."

லூர்துராணி சிரித்துவிட்டு அழுதாள். அவளுடைய சான்றிதழும் அந்தப் பீரோவில்தான் இருந்தது. மொத்தம் பதினான்கு நர்ஸுகளுடையதும் அங்கேதான் இருந்தது.

மறுநாள் காலை டியூட்டி மாறும் நேரத்தில் பதினான்கு பேரும் ரோசம்மாளும் ஆபீஸ் வாசலில் நின்றார்கள். நடந்ததை நடந்தபடி எழுதிய காகிதத்தில் பதினைந்து கையெழுத்து.

"எல்லாரும் வேலையை விட்டுப் போறீங்களா? நாளைக்கே வேற ஆள் போடுவேன்" என்றார் தைரியராஜ்.

"போறோம்னு யாருங்க சொன்னா? எங்க பேப்பரை எங்க கையில குடுங்க. ரோசம்மா மேல பழி போடாதீங்க. ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்துங்க" என்றாள் டோரதி.

"அப்பன் வாத்தியாரு. மக வாசல்ல நின்னு கத்துறா. வெக்கமா இல்லே?"

"பொய் எழுதிட்டு வீட்டுக்குள்ள போறதுக்குத்தாங்க வெக்கம்."

கதவு சாத்தப்பட்டது. சாயங்காலம் ரோசம்மாளை வேலையை விட்டு நீக்கியதாகவும், டோரதியை விசாரணை முடியும்வரை நிறுத்திவைத்ததாகவும் போர்டில் ஒட்டினார்கள். வெள்ளிக்கிழமை டோரதியின் விண்ணப்பம் பதிவுத் தபாலில் போனது. சான்றிதழ் இருக்கவேண்டிய இடத்தில், அவை ஏன் இல்லை என்று பதினைந்து பேரும் கையெழுத்திட்ட கடிதம் இருந்தது. அதை ஏற்பார்களா என்று யாருக்கும் தெரியாது.

டியூட்டி உள்ளவர்கள் உள்ளே நோயாளிகளைப் பார்க்கிறார்கள். முடித்தவர்கள் வெளிவாசலில் வந்து உட்காருகிறார்கள். கேட்டுக் கம்பியில் ஒரு பிளாஸ்திரித் துண்டு. 8.00 லூர்துராணி. 10.00 டோரதி. 12.00 ரோசம்மாள். இறந்தவரின் மனைவி நேற்று வந்து ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் பெயரையும் கேட்டு எழுதினார்கள்.

டோரதி மன்னிப்பு எழுதிக் கொடுத்துச் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டாள் என்று பாலக்கரைப் பக்கம் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். அவள் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. சான்றிதழ்கள் இன்னும் பீரோவில்தான் இருக்கின்றன.