ஞானகுமாரியின் தலைவலி பற்றி நான் தவறாக எழுதிய கதை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு அவதூறில் பிறந்தது. டீக்கடையில் ஒருவர் சொன்னார்: "என் தங்கச்சி வீட்டுக்குப் போனா மட்டும் என் சம்சாரத்துக்குத் தலைவலி வந்துடுது சார்." சிரித்தேன். சிரித்த வேகத்தில் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரி இது: மாங்காட்டில் குடியிருக்கும் அருள்தாஸின் மனைவி ஞானகுமாரி, நடிப்பில் —

(அடித்துவிட்டேன். ஏன் என்று மூன்றாம் பகுதியில் தெரியும்.)

அருள்தாஸ் ஆதாரமெல்லாம் வைத்திருந்தான். பூந்தமல்லியில் அவள் அம்மா வீட்டுக்குப் போனால் வலி கிடையாது. பத்து நிமிடப் பயணம்.* திருநின்றவூரில் அவன் தங்கை ஹெலினா வீட்டுக்கென்றால் ஒரு மணி நேரம்; ஆவடி நெரிசலைத் தாண்டுவதற்குள் நெற்றியைப் பிடித்துக்கொள்வாள். இறங்கியதும் வாந்தி. போய்ப் படுத்துவிட்டு, பிரியாணி பரிமாறும் நேரத்துக்குச் சரியாக எழுந்து வருவாள். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

* "பத்து நிமிடம்" என்று எழுதியவன் நான். எழுதியும் எனக்கு உறைக்கவில்லை.

2

வரும் ஞாயிற்றுக்கிழமை ஹெலினாவின் மகளுக்குப் புதுநன்மை, சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். சென்ற முறை திரும்பும்போது அருள்தாஸ் காரிலேயே கேட்டுவிட்டான்: "எத்தனை நாளைக்குத்தான் நடிப்ப?"

வீடு வந்து சேர்ந்தார்கள். பிறகு ஞானகுமாரி ஒரே முறை பேசினாள்: "ஞாயித்துக்கெழம நீங்க மட்டும் போங்க. இனிமே அந்த வீட்டுப் படி நான் ஏற மாட்டேன்."

அந்தக் குழந்தை போட்டுக்கொள்ளும் வெள்ளைக் கவுனைத் தைத்துக்கொண்டிருந்தவளும் அவள்தான். முதல் வரைவில் நான் கவுனை எழுதவில்லை. நகைச்சுவைக்கு இடைஞ்சலாக இருந்தது.

3

கார் இருபது வருடம் பழையது. கொஞ்ச நாளாக அடியில் "டப் டப்" என்று சத்தம். சர்ச் வாசலில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்ற வெட்கத்தில்தான் அருள்தாஸ் அதைக் கரையான்சாவடி மெக்கானிக் தமிழரசுவிடம் கொண்டுபோனான். (கதாநாயகனுக்கு இன்னும் மேலான காரணம் தேடினேன். கிடைக்கவில்லை.)

தமிழரசு இஞ்சினை ஓடவிட்டு, புகைக்குழாயின் வாயை ஈரத்துணியால் ஒரு நொடி அடைத்தார். முன்பக்க அடியில் "உஸ்ஸ்" என்றது. இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் கரி படிந்திருந்தது. சோப்புத் தண்ணீர் தெளித்தார்; நுரை பொங்கியது.

"குழாய்க்கு நடுவுல கீற கேஸ்கெட் பூட்ச்சி அண்ணாத்தே. போல்ட்டெல்லாம் துரு. குழாய்லயும் விரிசல்." பிறகு முன்சீட்டின் கால்மிதியைத் தூக்கினார். தகரத்தில் காசளவு ஓட்டை. "இங்க ரப்பர் மூடி இருக்கணும். எங்க?"

"தெரியலயே."

"இந்த சீட்ல யாரு குந்துவாங்க?"

"வீட்ல."

"அந்தப் பக்கம் கண்ணாடி எறங்குமா?"

"ரெண்டு வருஷமா எறங்கல. நான் என் பக்கம் எறக்கி, முழங்கைய வெளிய வெச்சுதான் ஓட்டுவேன்."

தமிழரசு கையைத் துடைத்துக்கொண்டார். "இந்தப் புகைல கீற வெசத்துக்கு வாடையே கெடையாது. கொஞ்ச நேரம்னா தெரியாது. ஒரு மணி நேரம்னா... அக்காவுக்குத் தலைவலி, வாந்தி எதுனா வருதா?"

அருள்தாஸ் பதில்

அருள்தாஸ் பதில் சொல்லவில்லை

(இங்கே மூன்று நாள் எழுத முடியாமல் நின்றேன். பதில் சொல்ல வேண்டியவன் அவன் மட்டுமில்லை.)

"உயிரோட வெளாடிகினு இருந்துகீற, நைனா," என்றார் தமிழரசு, மெதுவாக.

துருவேறிய போல்ட்களை அறுத்தார், புது கேஸ்கெட் வைத்தார், விரிசலுக்கு வெல்டிங், ஓட்டைக்கு மூடி, கண்ணாடியும் இறங்கியது. மறுபடி ஈரத்துணி, சோப்புத் தண்ணீர். ஒரு குமிழிகூட வரவில்லை.

"ஓட்டிப் பாரு," என்றார்.

"நீங்க ஓட்டுங்க. நான் அந்த சீட்ல உக்கார்றேன்."

கண்ணாடியை ஏற்றிவிட்டு, குத்தம்பாக்கம் போய்த் திரும்பும்வரை அவள் இடத்தில் உட்கார்ந்திருந்தான். தலை வலிக்கவில்லை. கொஞ்சம் வலித்திருக்கலாம் என்று தோன்றியது.

4

வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் சொல்வதற்கு நான் எழுதிப் பார்த்தவை:

"எல்லாம் அந்தப் புகைதான் குமாரி." (புகையா அவளை நடிகை என்றது?)

"நீயாவது கண்ணாடி எறங்கலன்னு சொல்லியிருக்கலாமே." (சொன்னாள். இரண்டு வருடமாக.)

"மெக்கானிக் என்ன சொன்னார்னா..." (மெக்கானிக்கின் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறான். எனக்கும் அங்கே ஒரு இடம் இருக்கிறதா என்று பார்த்தேன்.)

நான்காவதாக ஒன்று எழுதினேன். இலக்கியமாக இருந்தது. கிழித்துவிட்டேன்.

ஆக, இப்போதைய நிலவரம் இது: அருள்தாஸ் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நிற்கிறான். ஞானகுமாரி டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சத்தத்தைக் குறைக்கிறாள்.

"என்ன? சொல்லுங்க," என்கிறாள்.

அவள் கேட்கத் தயாராக இருக்கிறாள். எங்கள் இருவருக்குமாகச் சேர்த்து அந்த ஒரு வரியை நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் எப்போதாவது சொல்லிப் பழக்கம் இருக்கலாம். நிதானமாக யோசித்தே சொல்லுங்கள். அவளுக்கு இன்று தலைவலி இல்லை.