முகமூடிக்குள் இருந்த அண்ணன்

வேல்விழி தென்காசியில் ரயிலை விட்டு இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் பையும் கையுமாக நேரே குற்றாலத்துக் கடைக்கு வந்து நின்றபோது, அவள் அம்மா பார்வதியம்மாள் ஒரு பொம்மையின் நெற்றியை ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சாண் உயரப் பொம்மை. குங்குமம் போய்விட்டது. சந்தனம்தான் புருவத்துப் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு வருவேனா என்றது.

"இப்போ தொடச்சு என்னத்துக்கும்மா? அதான் ஊரே பாத்தாச்சே."

"காப்பி வாங்கியாரட்டாட்டி?"

"ஒண்ணும் வேண்டாம்."

மகளின் முகம் வீங்கியிருந்தது. ரயிலில் தூங்கவில்லை, அழுதும் இருக்கிறாள்.

சென்னையில் பொம்மை செய்யும் கம்பெனி ஒன்றில் வேல்விழிக்கு வேலை. பம்பாய்க்காரர்கள் எடுக்கும் 'விண்மறவன்' என்கிற சாகசப் படங்களுக்கு அந்தக் கம்பெனிதான் பொம்மை செய்து கொடுக்கிறது. படம் வருவதற்கு முன்பே பொம்மைகள் கடை கடையாகப் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் படம் வருகிற அன்றுதான் பெட்டியைத் திறக்க வேண்டும். சீசன் நேரத்தில் அம்மா கடைக்கும் நாலு காசு வரட்டும் என்று சொல்லிக் கேட்டு வாங்கி அனுப்பியவள் வேல்விழிதான். "எம்மா, படம் வார வரைக்கும் வித்துராத" என்று போனில் படித்துப் படித்துச் சொன்னாள்.

பார்வதியம்மாள் விற்கவில்லைதான். ஆனால் அருவியில் தண்ணீர் விழுந்து சீசனுக்குக் கடை திறக்கிற அன்று, புதுச்சரக்கில் ஒன்றை எடுத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, அருவியைப் பார்க்கத் தொங்கவிட்ட பிறகுதான் அவளுக்கு வியாபாரம். போன வருஷம் தண்ணீர்த் துப்பாக்கிக்கு வைத்தாள். அதற்கு முந்தின வருஷம் சோப்புக் குமிழி ஊதுகிற டப்பாவுக்கு. மகள் அனுப்பிய சரக்கைக் கட்டுப் பிரிக்காமல் மூலையில் போட்டுவிட்டு வேறு எதற்கோ பொட்டு வைக்க மனசு ஒப்பவில்லை. நேற்றுக் காலை டேப்பைக் கிழித்து ஒன்றை எடுத்தாள். அது கறுப்பு முகமூடி போட்டிருந்தது. முகமூடிக்கு எங்கே பொட்டு வைக்க? நகத்தால் நெம்பினாள். டக்கென்று கழன்று வந்தது. உள்ளே லட்சணமான ஒரு பையன்.

வைத்தாள். தொங்கவிட்டாள். குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்த ஒருவன் அதைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றான். "விக்கதுக்கு இல்ல தம்பி. வேணும்னா போட்டோ எடுத்துக்க" என்று அவளே பொம்மையை அவன் பக்கம் திருப்பியும் விட்டாள்.

சாயங்காலமே பக்கத்துச் சிப்ஸ் கடை ஃபாயிஸா, போனில் அந்தப் போட்டோவை நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள். "யக்கா, ஒங்க பொம்மை பம்பாய் வரைக்கும் போயிட்டு!" வில்லனாக வரும் அந்தக் கறுப்பு முகமூடிக்காரன் யார் என்பதைப் படக் கம்பெனி இரண்டு படங்களாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்ததாம். பொம்மையின் முகத்தை வைத்து, விண்மறவனின் கூடப்பிறந்த அண்ணனே அவன் என்று இப்போது உலகத்துக்கே தெரிந்துபோயிற்று, நெற்றியில் குங்குமத்தோடு.

"வேலை போயிருமாட்டி?" என்று பார்வதியம்மாள் இப்போது மகளிடம் கேட்டாள்.

"பதினோரு மணிக்குப் படக் கம்பெனிக்காரவியளும் எங்க ஆளுகளும் போன்ல பேசுதாவ. என்னையும் கூப்பிட்டிருக்காவ. பாப்போம்."

இரண்டு வருஷம் அலைந்து கிடைத்த வேலை. பொம்மை செய்யவா படிச்சா என்று சொந்தத்தில் சிரித்தவர்கள் உண்டு. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் வேல்விழி ஆளுக்கொரு பொம்மை கொண்டுவந்து கொடுத்தாள். தன் கையாலேயே இதைக் கெடுத்தோமே என்று நினைக்கையில் பார்வதியம்மாளுக்கு அருவிச் சத்தமே காதில் விழவில்லை.

தொங்குகிற பந்துகளுக்குப் பின்னால் உட்கார்ந்து மகள் பேசினாள். எல்லாம் இங்கிலீஷ். நடுவில் மட்டும் தமிழ் வந்தது. "ஆமா சார். எங்கம்மா கடைதான் சார்." யாரோ ஒரு கடை என்று சொல்லியிருக்கலாம். இவள் சொல்லவில்லை. பார்வதியம்மாள் பந்துகளை விலக்கிக்கொண்டு உள்ளே போய்ப் போனில் குனிந்தாள்.

"ஐயா, தப்பு எம்மேலதான். அவ விக்காதன்னா, நான் விக்கல. பொட்டு வைக்கத்தான் எடுத்தேன். முகமூடிக்கு மேல எப்படிய்யா பொட்டு வைக்கது?"

"எம்மா!"

அந்தப் பக்கம் யாரோ அதை இந்தியில் சொன்னார்கள். யாரோ சிரித்தார்கள். ஒருத்தர் சிரிப்பு நாலு பேர் சிரிப்பானது. பார்வதியம்மாள் வெளியே வந்து, அடுக்கியிருந்த பெட்டிகளையே மறுபடி அடுக்கினாள்.

மகள் எழுந்து வந்தபோது முகம் ஒருமாதிரி இருந்தது.

"அண்ணன் வில்லன் இல்லயாம்மா."

"பின்னே இவன் ஆரு?"

"மொதல்ல அப்படித்தான் கதை. அத வச்சுத்தான் போன வருசமே எங்ககிட்ட பொம்மை செய்யச் சொன்னாவ. பொறவு படத்தக் கொஞ்சம் பேருக்குப் போட்டுக் காட்டியிருக்காவ. அண்ணன் கெட்டவனா வாரது ஒருத்தருக்கும் பிடிக்கல. கதைய மாத்தித் திருப்பி எடுத்துட்டாவ."

"ஒங்ககிட்ட சொல்லலியா?"

"பொம்மைக்காரங்ககிட்ட எவன் சொல்லுதான்? அவியளுக்கே ஞாபகம் இல்ல. இப்போ எல்லாரும் அண்ணன்தான்னு நம்பிட்டாவள்லா? நிசமான ஆளு ஆருன்னு இனி ஒருத்தனும் தேட மாட்டான். அவியளுக்குக் கொண்டாட்டம். மறுத்து ஒண்ணும் பேசாதீங்க, பொம்மைய இன்னைக்கே விக்க ஆரம்பிங்கங்காவ."

"வேலை?"

"இருக்கும்மா."

பார்வதியம்மாள் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். துடைத்து வைத்த பொம்மையை எடுத்து முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கு அப்பவே மனசு கேக்கல பாத்துக்க. இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தம்பிய அடிப்பானா? அது சரி, நிசமான ஆளு ஆருட்டி?"

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் ஒங்கிட்ட சொல்லுவனா?"

ஃபாயிஸா தட்டி வழியாக எட்டிப் பார்த்தாள். "யக்கா, என் சிப்ஸுக்கும் ஒரு பொட்டு வச்சு விடுங்க. பம்பாய்க்குப் போயிட்டு வரட்டும்."

வேல்விழி சிரித்தாள். சிரித்துக்கொண்டே காற்றடைத்த டியூப்கள் மேல் சாய்ந்தவள், அம்மா சொல்லிவிட்ட காப்பி வருவதற்குள் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள்.

சாரல் கடைக்குள் அடித்தது. கேரளக்காரக் குடும்பம் ஒன்று தலைதுவட்டியபடி வந்து, "சேச்சி, இதெத்ரயா?" என்று உரக்கக் கேட்டது. பார்வதியம்மாள் உதட்டில் விரலை வைத்து மகளைக் காட்டினாள். அந்த மனிதர் தலையாட்டிவிட்டு விரலால் பொம்மையைச் சுட்டினார். அவளும் விரலாலேயே விலை சொன்னாள். அவர் மனைவி ஒன்றைக் குறைக்கச் சொல்லி விரலை மடக்கினாள். பஜாரே இரைந்துகொண்டிருக்க, அந்த ஒரு கடை வாசலில் மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களோடு வந்த சின்னப் பெண், அமுக்கினால் கத்துகிற ரப்பர் வாத்து ஒன்றை எடுத்து வைத்திருந்தது. தூங்குகிறவளைப் பார்த்தது. மூச்சை அடக்கிக்கொண்டு, விரல் ஒன்றும் அழுந்திவிடாமல், இரண்டு உள்ளங்கையிலும் அதை ஏந்தியபடி நின்றது.