பின்சீட்டுப் பாரம்

லிஃப்ட்காரர் முற்றத்தில் பழைய படுக்கை விரிப்பைப் போட்டு அதன்மேல் முப்பத்தொரு சாமான்களைப் பரப்பியிருந்தார். ஸ்பேனர் மட்டும் ஒன்பது. குறடு, ஸ்க்ரூடிரைவர், டயரை நெம்பும் லீவர் இரண்டு, கைப்பம்பு, மாற்று டியூப், கிளட்ச் கேபிள், பஞ்சர் ஒட்டும் சாமான், கட்டுக்கம்பி, டார்ச், இன்னும் என்னென்னவோ. மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் இருந்த இடமோ கையகலம்.

"இத்தனையும் ஏத்தினா நான் எங்க உக்கார்றது?" என்றாள் மனைவி.

"அதுக்குத்தானே இப்ப கழிக்கப் போறோம். சும்மா பாரு."

அவருக்குத் தெருவில் லிஃப்ட்காரர் என்றுதான் பெயர். இருபத்தெட்டு வருடம் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்தவர். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையையும் காலையும் சாய்த்துவிட்டது. ஊரையே மேலே ஏற்றி இறக்கியவருக்கு வீட்டு வாசலில் இருந்த நான்கு படிகள் பெரிய காரியமாகிவிட்டன. கால் முக்கால்வாசி தேறிவிட்டது. கை மட்டும், கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி, கூடவே இருந்தது, எதற்கும் ஒத்துழைக்கவில்லை.

அதற்கு முன் இருபத்திரண்டு வருடம், வருடத்துக்கு நான்கு நாள், இருவரும் இந்த வண்டியில் எங்காவது கிளம்பிவிடுவார்கள். அவர் ஓட்டுவார், அவள் பின்னால் உட்கார்ந்து போவாள். நோய் வந்தபின் வண்டி ஒரு வருடம் போர்வைக்குள் கிடந்தது. அவள் அவரிடம் மூச்சுவிடாமல் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்து பழகிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை போர்வையை உருவினாள். அன்று முழுக்க அவர் பேசவில்லை. மறுநாள் ஜன்னலிலிருந்து, "கிளட்சை மெதுவா விடு, அது என்ன உன் எதிரியா?" என்று குரல் வந்தது. சமாதானம் ஆகிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

இந்த வருடம் அவளுக்கு நான்கு நாள் விடுப்பு கிடைத்திருந்தது. மலையைத் தாண்டினால் கடலோரத்தில் அவளுடைய அக்கா வீடு. பின்சீட்டில் உட்கார்ந்து போகலாம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்கட்டும் என்று மருத்துவர் போன மாதமே சொல்லிவிட்டார். ஆனால் லிஃப்ட்காரர் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். வெயில் என்றார், முதுகு என்றார், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார். கடைசியில், "நீ போயிட்டு வா. உனக்கு நல்லா ஒரு டூல் பை கட்டித் தர்றேன்" என்று முடித்துவிட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனிதர். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. விடுப்புக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள்.

பை கட்டுவதற்கு அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. ஆத்திர அவசரத்துக்கு என்று எதையும் குருட்டுத்தனமாகப் போடக்கூடாது. நடுவழியில் நின்றுவிட்டதாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோளாறையும் முற்றத்திலேயே சரிசெய்து பார்க்க வேண்டும். கை தொடாத சாமான் பாரம். அதை எடுத்துவிட வேண்டும். வீட்டுக்குள் ஓடிப்போய் எடுத்துவர நேர்ந்த சாமான் பைக்குள் வர வேண்டும்.

சனிக்கிழமை மதியம் ஒத்திகை. அவர் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். அவள் வேலை பார்ப்பது கண்ணாடிக்கடையில். மூக்குக்கண்ணாடி ஃப்ரேமில் எள்ளளவு திருகை முடுக்குகிற விரல்கள். பியூஸ் மாற்றுவதும் கேபிள் மாற்றுவதும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒன்பது ஸ்பேனரில் ஐந்து வெளியே போயின. அவர் ஆசையாக வாங்கிய பெரிய சுத்தியலும் போனது.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சும்மாவா சொன்னாங்க?" என்றாள்.

"அது நல்ல சுத்தியல்" என்றார் அவர், பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற குரலில்.

கடைசியாகப் பஞ்சர். பின்சக்கரத்தைக் கழற்ற ஸ்பேனர்மேல் ஏறி நின்றே ஆக வேண்டியிருந்தது. ஏறி நின்றாள், கழன்றது. டியூபை உருவினாள், ஒட்டினாள், திரும்ப நுழைத்தாள். டயர் விளிம்பை ரிம்முக்குள் தள்ளும்போதுதான் வந்தது வினை. இந்தப் பக்கம் நெம்பினால் அந்தப் பக்கம் வெளியே ஏறியது. அந்தப் பக்கம் முட்டியை வைத்தால் இந்தப் பக்கம் கை எட்டவில்லை. இருபது நிமிடம் போராடினாள். வியர்வை கண்ணில் இறங்கியது.

"ஏங்க, இங்க வாங்களேன்!"

அவர் படியிறங்கி வந்து, நல்ல காலைத் தூக்கி டயரின் எதிர்ப்பக்கத்தில் மிதித்துக்கொண்டார். அவள் நெம்பினாள். டயர் 'டப்' என்று உட்கார்ந்தது.

அவள் தரையில் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "உங்க சட்டம் என்ன சொல்லுது? வீட்டுப் பக்கத்துல இருந்து கூப்பிட்டது எதுவா இருந்தாலும் பையோட வரணும். கிளம்புங்க."

அவரும் சிரித்தார். "வாய் மட்டும் இல்லேன்னா உன்னை..." என்றார். ஆனால் வருகிறேன் என்று சொல்லவில்லை. டயரையே பார்த்துக்கொண்டு நின்றார். பாதி ஜெயித்துவிட்டோம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினாள்.

திங்கட்கிழமை மாலை கடையிலிருந்து வந்தபோது, அவர் வாசலிலேயே காத்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. வலது கையில் அகலமான நைலான் பட்டை. முனையில் இரும்புக் கொக்கி.

"இதை டயரோட அந்தப் பக்கம் சுத்திக் கொக்கியை இழுத்துட்டா அது ஏறாது. ஒருத்தர் போதும். போட்டுப் பாரு."

அவள் பட்டையை வாங்கித் திருப்பினாள். அது அவருடைய பாதுகாப்பு பெல்ட். லிஃப்டின் மேல் நின்று வேலை செய்யும்போது இடுப்பில் கட்டுகிற பெல்ட். என்றைக்காவது வேலைக்குத் திரும்பினால் வேண்டுமே என்று இரண்டு வருடமாக யாரையும் தொடவிடாமல் அலமாரியில் வைத்திருந்ததை வெட்டியிருக்கிறார். ஒற்றைக் கையால். வெட்டிய ஓரம் பிசிறியிருந்தது. தையல் கோணல் மாணலாக ஓடியது. ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு தைத்திருக்க வேண்டும். உதட்டோரம் சிவந்திருந்தது.

தான் இல்லாமல் இவள் போக வேண்டும் என்பதற்காக ஒரு மனிதன் நாள் முழுக்க இப்படிப் பாடுபடுவானா? அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கைப்பையைப் படியில் வைத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சக்கரத்தைக் கழற்றினாள். பட்டையைச் சுற்றினாள். டயர் முரண்டு பண்ணவில்லை. பன்னிரண்டு நிமிடத்தில் மாட்டிவிட்டாள்.

"வேலை செய்யுதா?"

"செய்யுது."

"சொன்னேன்ல! இனி உனக்கு யாரும் வேண்டாம்."

"ஆமா" என்றாள் அவள், கையைத் துணியில் துடைத்தபடி. "டயருக்கு நீங்க வேண்டாம். கேபிளுக்கு வேண்டாம், பியூசுக்கு வேண்டாம். உங்களால எனக்கு ஒரு வேலையும் ஆக வேண்டியது இல்லை. இப்ப வாங்க."

அவருக்குப் புரியவில்லை. கையில் வேலை இல்லாத ஆண்பிள்ளைக்குத் தான் உயிரோடு இருப்பதே சந்தேகமாகிவிடும். அதில் லிஃப்ட்காரர் மட்டும் விதிவிலக்கா என்ன?

"வேலையே இல்லைன்னா நான் எதுக்கு வரணும்? பின்னாடி பாரமா உக்காந்துக்கிட்டு? வழியில ஒவ்வொரு டீக்கடையிலயும் நீ என்னைக் கைபிடிச்சு இறக்கி, நாலு பேரு பார்த்து..." அதுதான் விஷயம். வெயிலும் இல்லை, முதுகும் இல்லை.

அவள் எழுந்து அவருக்கு எதிரே வந்து நின்றாள். "இருபத்திரண்டு வருஷம் பின்னாடி உக்காந்து வந்தேனே, நான் என்ன வேலை பார்த்தேன்? ஒரு நட்டு முடுக்கினேனா? வழி சொன்னேனா? பாதி நேரம் உங்க முதுகுல சாஞ்சு தூங்கினேன். மழையில என்னையும் சேர்த்து இழுத்துக்கிட்டு மலை ஏறினீங்க. பாரம்னு என்னைக்காவது இறக்கிவிட்டுட்டுப் போனீங்களா?"

"உன்னை எப்படி இறக்கிவிட முடியும்?" பதில் யோசிக்காமலேயே வந்துவிட்டது. "நீ பின்னாடி இல்லாம நான் எதுக்குப் போகப்போறேன்?"

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

அவள் அவருடைய இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். அதில் அவருக்கு உணர்ச்சி குறைவுதான். இருந்தாலும் இழுத்துக்கொள்ளவில்லை. தெருவில் இரண்டு பேர் பேசிக்கொண்டு போனார்கள். அதில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அதற்கும் இழுத்துக்கொள்ளவில்லை.

அவர்கள் தெருவைக் கடந்த பிறகு, "உங்க அக்காகிட்ட எத்தனை பேருன்னு சொல்லியிருக்க?" என்று கேட்டார்.

"ரெண்டு."

"எப்ப சொன்ன?"

"விடுப்பு கேட்ட அன்னைக்கே."